தூக்குவாளியில் தம்பியின் விரல்கள்

மடியில் ஒரு எவர்சில்வர் தூக்குவாளி. மூடியை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்திருந்தேன். உள்ளே உடைத்த ஐஸ். ஐஸுக்கு மேல் ஒரு பாலிதீன் பை. பைக்குள், ஈரத்துணியில் சுற்றி, என் தம்பி தணிகாசலத்தின் இரண்டு விரல்கள்.

வேன் குரோம்பேட்டையில் நின்றுகொண்டிருந்தது. ஐப்பசி மழை. கண்ணாடியில் வைப்பர் அடித்து அடித்து ஓய்ந்தது. முன்னால் ஒரு தண்ணீர் லாரி, அதற்கு முன்னால் பஸ், அதற்கு முன்னால் எதுவுமே தெரியவில்லை.

"பாபு, ஏன்யா நிக்குது?" என்றான் தணிகா. பின்சீட்டில் என் பக்கத்தில் சாய்ந்திருந்தான். இடது கையைக் கட்டுப் போட்டு, மார்புக்கு மேலே தூக்கிப் பிடித்திருந்தான். கட்டின் நுனியில் சிவப்பு ஊறிக்கொண்டிருந்தது.

பாபு தம்பியிடம் வேலை பார்த்த டிரைவர், செம்பாக்கத்துக்காரர். இறங்கிப் போய்ப் பார்த்துவிட்டு நனைந்தபடி வந்தார்.

"பல்லாவரத்தாண்ட தண்ணி நிக்கிதாம்ணா. லாரி ஒண்ணு பள்ளத்துல மாட்டிகினு கீது. ஒண்ணியும் நவுராது."

அப்போது வலப்பக்கம், கடைகளுக்குப் பின்னாலிருந்து அந்தச் சத்தம் வந்தது. மின்சார ரயில். குரோம்பேட்டையை விட்டுக் கிளம்பி, வேகம் பிடித்து, பல்லாவரம் பக்கமாகப் போய் மறைந்தது.

எனக்குக் கேட்டது. அவனுக்கும் கேட்டது. இரண்டு பேரும் வாயைத் திறக்கவில்லை.

முடிந்து போன ரயில்

ஏன் திறக்கவில்லை என்று சொல்ல வேண்டுமென்றால் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

ரயில் நினைவுகளாக நான் எழுதிவரும் இந்தத் தொடரைப் படிக்கும் ஒரு வாசகி, "எப்போது பார்த்தாலும் ரயிலிலேயே போகிறீர்களே, வீட்டில் வண்டி வாகனம் கிடையாதா?" என்று கேட்டிருந்தார். அம்மா, இருந்தது. ஒன்றல்ல, நான்கு வேன் இருந்தது. நான்கும் என் தம்பியுடையவை.

எங்களுக்குப் பூர்வீகம் வண்டலூர். ஏரிப் பாசனத்தில் நெல் போட்ட குடும்பம். அப்பா போன பிறகு நிலங்கள் ஒவ்வொன்றாக மனைகளாயின. நான் பாரிமுனையில் ஒரு அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. தணிகா வேன் வாங்கினான். பழைய மகாபலிபுரம் சாலையில் கம்ப்யூட்டர் கம்பெனிகள் முளைத்துக்கொண்டிருந்த காலம் அது. கண்ணாடிக் கட்டடங்களுக்கு ஆட்களை ஏற்றிப் போய் இறக்க ராத்திரி பகல் என்று வண்டி தேவைப்பட்டது. முதலில் ஒரு வேன். வருஷம் திரும்புவதற்குள் இரண்டு. பிறகு நான்கு.

அவன் மனைவி கோமதி, குழந்தை, நான் எல்லோரும் ஸ்டேஷனுக்குப் பின்னால் இருந்த பழைய வீட்டில்தான் இருந்தோம். வீடு எங்கள் இருவருக்கும் பொது. அதை விற்றுவிட்டுக் கேளம்பாக்கத்துக்குப் போய்விட வேண்டும் என்று அவன் பிடிவாதம் பிடிக்க ஆரம்பித்திருந்தான்.

"அக்கா, ஊரே அந்தப் பக்கம் போவுது. ஆபீஸெல்லாம் அங்க. அங்க தண்டவாளம் கீதா? ஒரு அடி கெடையாது. அப்பறம் ரயிலுக்கு என்ன வேலை? அதெல்லாம் முடிஞ்ச கதை."

"அப்ப நான் பாரிமுனைக்கு எப்படிடா போறது?"

"நான் வேன்ல உடறேன்."

"தினமுமா?"

பேச்சை மாற்றிவிடுவான். "பொறுத்துப் பாரு. எல்லாவனும் கார் வாங்குவான். ரயில்ல சரக்குதான் போவும்" என்பான்.

அவன் சொன்னதில் நியாயம் இல்லாமலில்லை. மீட்டர் கேஜ் வண்டிகள் போய் அகலப்பாதை வந்த புதிது. பெட்டி அகலமானதே தவிர கூட்டம் குறையவில்லை. தாம்பரம் தாண்டினால் கிண்டிவரை மூச்சை எண்ணிக்கொண்டு நிற்க வேண்டும். ஆனாலும் எனக்கு அந்த ரயில் வேண்டியிருந்தது. கதவோரக் காற்று, மகளிர் பெட்டியில் மல்லிகைப்பூ தொடுத்துக்கொண்டே வம்பளக்கும் தோழிகள், பீச் ஸ்டேஷனில் இறங்கியதும் முகத்தில் அடிக்கும் துறைமுகத்து எண்ணெய் வாடை. இதையெல்லாம் தம்பியிடம் சொல்ல முடியாது. சொன்னால் சிரிப்பான். அதனால் "கையெழுத்துப் போட மாட்டேன்" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அன்று காலை

அன்றும் அதே பேச்சுதான். வாசலில் வேனின் முன்பக்கத்தைத் திறந்து வைத்து, இஞ்சினை ஓடவிட்டு, ஏதோ சத்தம் வருகிறது என்று குனிந்து கேட்டுக்கொண்டிருந்தான். நான் குடையும் சாப்பாட்டுப் பையுமாகக் கிளம்பி நின்றேன்.

"தை பொறந்தா நான் போயிடுவேன் அக்கா. நீ வந்தாலும் வராங்காட்டியும்."

"போ. யார் வேணாம்னா?"

ரப்பர் குழாய் ஒன்றைத் தொட்டுப் பார்க்கக் கையை உள்ளே விட்டான். தரையெல்லாம் சேறு. கால் வழுக்கியது. விழாமலிருக்க எதையோ பிடிக்கப் போன கை, சுற்றிக்கொண்டிருந்த விசிறிக்குள் போய்விட்டது.

காய்ந்த குச்சி ஒடிந்த மாதிரி ஒரு சத்தம். அவ்வளவுதான். அவன் கத்தக்கூட இல்லை. கையைத் தூக்கிப் பார்த்துக்கொண்டு நின்றான். கத்தியது கோமதி.

ஆள்காட்டி விரலும் நடுவிரலும் இல்லை. ஒன்று இஞ்சினுக்குள்ளேயே ஒரு தகட்டின் மேல் கிடந்தது. இன்னொன்றைப் பாபு வேனுக்கு அடியில் சேற்றில் படுத்துத் தேடி எடுத்தார். நான் என் சாப்பாட்டுப் பையிலிருந்த துண்டில் இரண்டையும் வாங்கிக்கொண்டேன். எப்படி வாங்கினேன் என்று இன்றுவரை தெரியவில்லை.

தாம்பரத்தில் ஒரு கிளினிக்கில் இளம் டாக்டர் ஒருவர் ரத்தத்தை நிறுத்திக் கட்டுப் போட்டார். விரல்களைக் கழுவி, ஈரத்துணியில் சுற்றி, பாலிதீன் பையில் போட்டு இறுக்கிக் கட்டினார். பக்கத்து ஜூஸ் கடையிலிருந்து ஐஸ் வந்தது. டீக்கடைக்காரர் தூக்குவாளி கொடுத்தார்.

"விரல் நேரா ஐஸ்ல படக்கூடாது. ஐஸ் உருகவும் விடக்கூடாது. பீச் ஸ்டேஷன் தாண்டி பெரிய ஆஸ்பத்திரில கைக்குன்னே தனி வார்டு இருக்கு. நான் போன் பண்ணிச் சொல்றேன். வெட்டு சுத்தமா விழுந்திருக்கு. மத்தியானத்துக்குள்ள கொண்டு போயிட்டீங்கன்னா ஒட்ட வச்சிடலாம்."

இப்போதுபோல போன் அடித்தால் ஆம்புலன்ஸ் வந்து நிற்கும் காலமில்லை. நான் மெல்லச் சொன்னேன்: "ஸ்டேஷன் எதிர்லயே இருக்கு. ரயில்ல போயிடலாம்டா."

வலியில் முகம் கோணியிருந்தவன் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே!

"வாசல்ல நாலு வேன் வச்சிகினு, அறுந்த வெரலத் தூக்கிகினு ரயில்ல தொங்கச் சொல்றியா?"

"இறங்குடா"

குரோம்பேட்டையில் நாங்கள் பேசாமல் உட்கார்ந்திருந்ததற்கு இதுதான் காரணம்.

மூடியை லேசாகத் திறந்து பார்த்தேன். பெரிய கட்டிகளாக இருந்த ஐஸ் நெல்லிக்காய் அளவுக்கு இளைத்திருந்தது. அடியில் தண்ணீர். பை அதில் மிதக்க ஆரம்பித்திருந்தது. பைக்குள் வெளுத்துப்போன நகம் ஒன்று தெரிந்தது. சின்ன வயதில் அந்த விரலைப் பிடித்துத்தான் நான் அவனைப் பள்ளிக்கூடம் கூட்டிப் போவேன். மூடியைச் சட்டென்று சாத்தினேன்.

இன்னொரு ரயில் சத்தம் கேட்டது.

"இறங்குடா" என்றேன்.

"கொஞ்சம் பொறு. கிளியர் ஆயிடும்."

"ஆகாது."

"அக்கா, நடுரோட்ல..."

"இறங்குடான்னா!"

அவன் பிறந்ததிலிருந்து நான் அந்தக் குரலில் பேசியதில்லை. பாபு இறங்கி வந்து கதவைத் திறந்துவிட்டார். "நீ வண்டியப் பாத்துக்க பாபு" என்று சொல்லிவிட்டு, தூக்கை ஒரு கையிலும் தம்பியின் முழங்கையை இன்னொரு கையிலுமாகப் பிடித்துக்கொண்டேன். கணுக்கால் தண்ணீர். நின்றுபோன வண்டிகளுக்கு நடுவே புகுந்து, சாலை நடுவிலிருந்த தடுப்பை ஏறிக் கடந்தோம். ஒரு பைக்காரர் ஹாரன் அடித்துத் திட்ட வாயைத் திறந்தவர், கட்டைப் பார்த்ததும் பைக்கைப் பின்னால் தள்ளி வழிவிட்டார்.

டிக்கெட் வாங்க நிற்கவில்லை. என்னிடம் சீசன் இருந்தது. அவனிடம் எதுவும் இல்லை.

வெண்டார் பெட்டி

பிளாட்பாரம் முழுக்க ஆள். பஸ் ஓடாததால் ஊரே ஸ்டேஷனுக்கு வந்துவிட்டது. வண்டி வந்து நின்றபோது எல்லாக் கதவிலும் ஆள் தொங்கியது. கடைசியில் சாமான் கூடைகள் ஏற்றும் வெண்டார் பெட்டி ஒன்றில்தான் கால் வைக்க இடம் தெரிந்தது. தம்பியை முன்னால் தள்ளி நான் பின்னால் ஏறினேன்.

"யம்மா, இது யாவாரிங்க பொட்டி. எறங்கு எறங்கு" என்றார் கீரைக்கட்டுகளோடு நின்றிருந்த ஒருவர்.

"அடிபட்டிருக்கய்யா. கையப் பாருங்க."

அவர் பார்த்தார். கீரைக் கூடையைக் கால்களுக்கிடையில் இழுத்துக்கொண்டு இடம் விட்டார். வண்டி கிளம்பியது. பல்லாவரம், திரிசூலம். கம்பிக்கு அப்பால் ஜி.எஸ்.டி. ரோடு முழுக்க வண்டிகள் அசையாமல் நின்றன. தணிகா அந்தப் பக்கம் பார்க்காமல் கண்ணை மூடிக்கொண்டான்.

நான் மூடியைத் திறந்தேன். ஐஸ் முற்றிலும் போயிருந்தது. குளிர்ந்த தண்ணீர் மட்டும்தான்.

எதிரே ஒரு மீன்கூடை. அதன் பக்கத்தில் குந்தியிருந்த அம்மாவுக்கு ஐம்பது வயதிருக்கும். கோவளத்துக் கரையிலிருந்து விடிகாலையில் பஸ் பிடித்துத் தாம்பரம் வந்து, அங்கிருந்து ரயிலில் மாம்பலம் போய்த் தெருத்தெருவாக விற்பவர் என்று பிறகு தெரிந்தது. கூடையில் சங்கரா மீன். மேலே கோணிச்சாக்கு. சாக்கின் ஓரத்தில் தூள் ஐஸ் மின்னியது.

"அம்மா, கொஞ்சம் ஐஸ் குடுங்களேன்."

"ஐஸா? எதுக்கு?"

சொல்ல வாய் வரவில்லை. "மருந்து இருக்கு இதுல" என்றேன்.

"இன்னாம்மா நீ. மழையில கரைஞ்சது போவ இத்தினிதான் கீது. மீனு நொந்துபோச்சின்னா எவ வாங்குவா? மாம்பலத்துல மூஞ்சியில அடிப்பாளுங்கோ."

நான் தூக்கை அவர் முன்னால் நீட்டினேன். எட்டிப் பார்த்தவர், தம்பியின் கட்டைப் பார்த்தார். மறுபடி தூக்கைப் பார்த்தார்.

"அய்யோ, முருகா!"

அடுத்த நொடி சாக்கை விலக்கி இரண்டு கையாலும் ஐஸை வழித்து அள்ளிக் கொட்டினார். பையைக் கையால் தடுத்து, தண்ணீரைக் கதவுக்கு வெளியே சாய்த்துவிட்டு இன்னும் அள்ளினார். "மீன் வாடை அடிக்கும்மா. பரவால்லியா?" என்று கேட்டார். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

பரங்கிமலைக்கு அப்பால்

பரங்கிமலை தாண்டியதும் ரயில் நின்றது.

சிக்னலாக இருக்கும் என்று நினைத்தேன். ஹாரன் கேட்டது. பிறகு அதுவும் நின்றது. பெட்டியின் கூரையில் மழை விழும் சத்தம் மட்டும். கீரைக்காரர் எட்டிப் பார்த்துவிட்டு, "முன்னால வண்டி நிக்குது. சைதாப்பேட்டைல தண்டவாளத்துல தண்ணியாம். எப்ப எடுப்பானோ" என்றார்.

தணிகா கண்ணைத் திறந்தான்.

"பாத்தியா உன் ரயில?"

தூக்கை மார்போடு அணைத்துக்கொண்டேன். வேனிலேயே இருந்திருந்தால் இந்நேரம் லாரியை நகர்த்தியிருப்பார்களோ? பாபு குறுக்குத் தெரு ஏதாவது பிடித்துப் போயிருப்பாரோ? இந்த விரல்கள் செத்தால் என்னால்தான் செத்தன என்று ஆயுசுக்கும் சொல்வான். சொல்லாவிட்டாலும் நினைப்பான். விரலில்லாமல் வேன் ஓட்டப் போகிறவன் அவன். கியர் போடுவது அந்த இடது கையால்தான்.

"நான் எறங்கறேன்" என்று எழுந்தான். "அதோ ரோடு தெரியுது. ஆட்டோ புடிச்சிக்கறேன். அந்தத் தூக்கக் குடு."

"தணிகா, வேணாம்டா."

"குடுக்கா! நீ சொன்னேன்னு வந்தேன்ல? இப்ப நான் சொல்றதக் கேளு."

கதவுப்பக்கம் போய்விட்டான். வலது கையால் கம்பியைப் பிடித்து, ஒரு காலைக் கீழே தொங்கவிட்டான். முகம் காகிதம்போல் வெளுத்திருந்தது. உடம்பு ஆடியது. மீன்காரம்மா எழுந்து அவன் இடுப்பைச் சேர்த்துக் கட்டிப் பிடித்தார். கீரைக்காரர் சட்டைக் காலரைப் பிடித்து உள்ளே இழுத்தார். மூன்று பேருமாகக் கூடைகளின் மேல் விழுந்தார்கள்.

விழுந்த அதே நேரம், எதிர்த்திசையிலிருந்து தாம்பரம் போகும் வண்டி பக்கத்துத் தண்டவாளத்தில் வந்து எங்களை உரசுவதுபோல் கடந்தது. கதவு வழியாகத் தண்ணீர் வாரி அடித்தது. பெட்டி பெட்டியாக, முடிவில்லாமல் போய்க்கொண்டிருந்தது.

அது கடந்து முடிந்ததும் மீன்காரம்மா பேசினார். "குந்து தம்பி. எதிர்வண்டி வந்துட்ச்சி இல்ல, நம்மளும் எட்த்துடுவான்."

தணிகா ஈரத்தரையில் உட்கார்ந்தான். கீரைக்காரர் அவன் இடது கையைத் தன் தோளில் தாங்கி உயர்த்திப் பிடித்துக்கொண்டார். என் தம்பி அழுதான். சத்தமில்லாமல் தோள் மட்டும் குலுங்கியது. தூக்கை விட்டுவிட்டு அவனைத் தொட எனக்குத் தைரியம் வரவில்லை.

எவ்வளவு நேரம் நின்றோமோ தெரியாது. ஒரு குலுக்கல். மெல்ல, ஆள் நடக்கும் வேகத்தில் வண்டி நகர்ந்தது. கிண்டி. சைதாப்பேட்டையில் தண்டவாளம் பழுப்புத் தண்ணீருக்குள் கிடந்தது. சக்கரம் தண்ணீரை அரைத்துக்கொண்டு போவதைக் கேட்டுக்கொண்டே உட்கார்ந்திருந்தோம். மாம்பலத்தில் மீன்காரம்மா இறங்க வேண்டும். இறங்குவதற்கு முன் கூடையில் மிச்சமிருந்த ஐஸையும் வழித்துத் தூக்கில் போட்டார். கூடையைத் தலையில் ஏற்றிக்கொண்டு கூட்டத்தில் மறைந்துவிட்டார். பெயர்கூடக் கேட்கவில்லை.

ஊசி முனை

பீச் ஸ்டேஷனிலிருந்து ஆட்டோவில் ஆஸ்பத்திரி. தாம்பரத்து டாக்டர் சொல்லி வைத்திருந்ததால் வாசலிலேயே ஸ்ட்ரெச்சர் நின்றது. ஒரு பெண் டாக்டர் தூக்கைத் திறந்தார். மூக்கைச் சுளித்தார்.

"என்னம்மா, மீன் நாத்தம்?"

"ஐஸ்... மீன்கூடை ஐஸ் டாக்டர்."

பையை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "பரவாயில்ல. பை பிரியல. ஜில்லுனுதான் இருக்கு." தூக்கோடு உள்ளே போய்விட்டார்.

பிறகு நாள் முழுக்க ஒரு மர பெஞ்சு. கோமதி மாலைதான் வந்து சேர முடிந்தது. பாபு அவளை வேனில் கூட்டி வந்திருந்தார். விளக்கு வைத்த பிறகுதான் தணிகாவை வெளியே கொண்டுவந்தார்கள். கை முழுக்கப் பஞ்சும் துணியுமாகப் பந்து போலிருந்தது. நுனியில் இரண்டு விரல் முனைகள் மட்டும் வெளியே தெரிந்தன. உயிருள்ளவையா இல்லையா என்று யாராலும் சொல்ல முடியாத நிறம்.

"மூணு நாள் போகட்டும்" என்றார் டாக்டர்.

மூன்றாம் நாள் காலையில் ஒரு சின்ன ஊசியோடு வந்தார். தணிகா முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்கொண்டான். கோமதி கட்டில் கம்பியைப் பிடித்தபடி நின்றாள். டாக்டர் நடுவிரல் நுனியில் குத்தினார். கறுப்பாக ஒரு துளி மெதுவாகக் கசிந்தது. அதைப் பஞ்சால் துடைத்தார். ஆள்காட்டி விரலில் குத்தினார்.

ஒன்றும் வரவில்லை.

காத்திருந்தோம். நான் பல்லைக் கடித்துக்கொண்டு அந்த விரல் நுனியையே பார்த்தேன். பிறகு குன்றிமணி அளவில், பளிச்சென்று சிவப்பாக ஒரு துளி எழும்பி வந்து நின்றது.

"இது பொழைச்சிக்கும்" என்றார் டாக்டர்.

"அக்கா, என்ன கலர்?" என்று சுவரைப் பார்த்தபடியே கேட்டான் தணிகா.

"சிவப்புடா."

மழை நாள் போன்

நடுவிரலை அந்த வாரமே எடுத்துவிட்டார்கள். ஆள்காட்டி விரல் தங்கியது. கொஞ்சம் வளைந்து, குளிர் நாட்களில் நீலம் பாரிக்கும். ஆனாலும் தங்கியது. பயிற்சிக்காக மாதக்கணக்கில் வாரம் இரண்டு நாள் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியிருந்தது. என்னோடு ரயிலில்தான் வந்தான். மாம்பலம் வரும்போதெல்லாம் வெண்டார் பெட்டிப் பக்கம் எட்டிப் பார்ப்போம். அந்த அம்மாவை நாங்கள் மறுபடி பார்க்கவே இல்லை.

இதற்குப் பிறகு அவன் மனம் மாறியிருப்பான் என்று நினைப்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். கை குணமானதும் மறுபடி அதே பேச்சு.

"அக்கா, அது வேற, இது வேற. நான் சொன்னது சொன்னதுதான். ரோடு போடறாங்க, பாலம் கட்டறாங்க. எதிர்காலம் அந்தப் பக்கம்தான்."

இந்த முறை நான் சண்டை போடவில்லை. வீட்டை விற்காமல் பாகம் பிரித்துக்கொண்டோம். தன் பாகத்தைக் கடைகளாகக் கட்டி வாடகைக்கு விட்டுவிட்டு, குடும்பத்தோடு கேளம்பாக்கம் போனான். நன்றாகவே இருந்தான். ஸ்டேஷன் பக்கத்துப் பாதியில் நான் தங்கினேன். தினமும் பாரிமுனை போய் வந்தேன்.

அவன் கேளம்பாக்கம் போன வருஷத்து மழையில், ஒரு நாள் காலை போன் அடித்தது. தணிகா.

"அக்கா, ரயில் ஓடுதா?"

"எதுக்குடா? நீ எங்கயாவது போறியா?"

"இல்ல. ஓடுதா?"

"இன்னிக்கு ஞாயித்துக்கிழமைடா. எனக்கு ஆபீஸ் இல்ல."

"தெரியும். ரோடெல்லாம் தண்ணி இங்க. சும்மா கேட்டேன்."

போனைக் கையில் பிடித்தபடி பின்கட்டுக் கதவைத் திறந்தேன். மழை வலுத்திருந்தது. எதுவும் கேட்கவில்லை. அந்தப் பக்கம் அவன் வைத்துவிடாமல் காத்திருந்தான். மூச்சு விடுவது கேட்டது. கொஞ்ச நேரம் கழித்து, ஊரப்பாக்கம் பக்கமிருந்து மெல்ல அந்த அதிர்வு தொடங்கி, பெரிதாகி, வீட்டுக்குப் பின்னால் கடந்து தாம்பரம் நோக்கிப் போனது.

"ஓடுதுடா" என்றேன்.

"சரி" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தான்.